குண்டு போய் விழுந்த தூரம்

சிதம்பரம் போற வழியில் கடலூரில் அரை நாள் இறங்குங்க. பலரும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கால் நனைச்சுட்டு, சுண்டல் சாப்பிட்டுத் திரும்பிடுவாங்க. பக்கத்திலேயே கெடிலம் ஆற்றோரம் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கு.

1690-ல், செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கூட எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே விழுதோ அதுவரை! விடுவாங்களா கம்பெனிக்காரங்க? இருப்பதிலேயே நல்ல பீரங்கி, கைதேர்ந்த பீரங்கிக்காரர் என்று ஏற்பாடு பண்ணிச் சுற்றிலும் சுட்டாங்க. கடலூர் ஊரே உள்ளே வந்துடுச்சு.

அப்படிச் சேர்ந்தவைதான் ‘குண்டு கிராமங்கள்’. அங்கே குடியிருந்தவங்க, உழுதவங்க, வலை போட்டவங்க யாருக்கும் இந்த பேரத்தில் பேச்சில்லை. குண்டு தாண்டிப் போன வயலுக்கு வரி வாங்குற ஆள் மாறிட்டார், அவ்வளவுதான்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், 1752 வரை கம்பெனிக்கு இந்தப் பக்கத்துத் தலைமையிடமே இதுதான். 1758-ல் லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அதனால்தான் பார்க்க இவ்வளவு கொஞ்சமா இருக்கு.

பார்த்து முடிச்சதும் ஆட்டோக்காரர்கிட்ட ‘குண்டு உப்பலவாடி’ன்னு சொல்லுங்க. வழி கேட்காமலே கொண்டுபோய் விடுவார்.