ஸ்ட்ராங்ஃபோர்டு: நீரோட்டம் சூட்டிய பெயர்

ஸ்ட்ராங்ஃபோர்டு என்றதும், ஆற்றில் இறங்கி நடந்து கடக்கும் துறை என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆக்ஸ்ஃபோர்டு அப்படிப் பிறந்த பெயர்தான். வட அயர்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தக் கடற்கழியின் பெயரோ வைக்கிங்குகள் வைத்துவிட்டுப் போனது. அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஸ்ட்ராங்கர்’ என்றால் வலியது, ‘ஃபியோர்தர்’ என்றால் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் கடல். வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு ஆகிய ஊர்ப் பெயர்களின் வாலும் இதே ஃபியோர்தர்தான்.

ஐரிஷ்காரர்கள் இதே கழியை லாக் குவான் என்கிறார்கள். குவான் என்பது துறைமுகத்தையும் படகு ஒதுங்கும் இடத்தையும் குறிக்கும் சொல். ஒரே நீரை ஒருவர் வலியது என்கிறார், மற்றவர் ஒதுங்கிடம் என்கிறார். இரண்டுமே சரி. கழியின் உட்புறம் அமைதியானது. வாய் மட்டும் சுமார் 8 கி.மீ. நீளம், மிகக் குறுகிய இடத்தில் அரை கி.மீ. அகலம். ஓதம் ஏறினாலும் வற்றினாலும் அவ்வளவு நீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் போய்வர வேண்டும். வேகம் வினாடிக்கு 4 மீட்டர் வரை போகும். நோர்ஸ் பெயர் முதலில் இந்த வாய்க்கு மட்டுமே உரியது, பிற்பாடுதான் கழி முழுவதற்கும் பரவியது.

2008-இல் சீஜென் என்ற ஓத மின்னாக்கியை நிறுத்தியதும் சரியாக இந்த வாயில்தான். கடல் தரையில் ஊன்றிய ஒரு தூண், அதன் குறுக்கே ஒரு கை, கையின் இரு முனையிலும் 16 மீட்டர் விட்டமுள்ள சுழலிகள். மொத்தத் திறன் 1.2 மெகாவாட். நீர் திசை மாறும்போது சுழலிகளின் அலகுகள் 180 பாகை திரும்பிக்கொள்ளும். பழுது பார்க்க வேண்டுமானால் கையைத் தூண் வழியே நீருக்கு மேலே ஏற்றிவிடலாம். சீல்களுக்கு அடிபடாமலிருக்க ஒலியலையால் நீரைக் கண்காணித்தார்கள். அந்த அக்கறைக்காகவே எனக்கு இந்த எந்திரத்தின் மேல் மதிப்பு. 2019-க்குள் அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

இத்தகைய சுழலியைக் குறிக்கும் டர்பைன் என்ற சொல்லை 1822-இல் உருவாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் குளோத் பூர்தேன். அதன் வேர், சுழலையும் பம்பரத்தையும் குறிக்கும் லத்தீன் சொல் ‘டர்போ’. ஸ்ட்ராங்ஃபோர்டு வாயில் பெரிய நீர்ச்சுழி ஒன்று உண்டு. அதற்கு ரூட்டன் வீல் என்று பெயர். வீல் என்றால் சக்கரம். ஆக, இங்கே சுழியின் பெயர் சக்கரம், சக்கரத்தின் பெயர் சுழி!

வைக்கிங்குகள் வருவதற்கு முன்பே இந்தக் கழியில் ஓதம் வேலை செய்திருக்கிறது. நெண்ட்ரம் மடத்துத் துறவிகள் கட்டிய மாவு ஆலையின் மரங்களை ஆராய்ந்து, அது கி.பி. 619-ஐ ஒட்டியது என்று கணித்திருக்கிறார்கள். ஏறிவந்த நீரை அணை போட்டுத் தேக்கி, வற்றும் நேரத்தில் சக்கரத்தின் மேல் திறந்துவிட்டார்கள். அதற்கு நீரின் ஏற்ற இறக்கம் போதும், இடுக்கின் வேகம் தேவையில்லை. அதனால் ஆலை நின்றது வாயில் அல்ல, உள்ளே, குவானின் பக்கம்.