விஷம் இழந்த தவளை

"சித்தப்பா, நீலக் கலர்ல ஒரு தவளை வீடியோல பார்த்தேன். விஷத் தவளையாம். நம்ம வீட்ல வளர்க்கலாமா?"

போன மே மாதம் கே.ஜி.கண்டிகையில் அண்ணன் மகன் கேட்டான். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய மதியம். சிரித்துத் தள்ளிவிட்டேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகு அந்தத் தவளையின் கதையைத் தேடிப் படித்தேன்.

அது தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுத் தவளை. 'அம்புத் தவளை' என்று பெயர் இருந்தாலும், அந்தக் கூட்டத்தில் அம்பு நுனியில் விஷம் தடவப் பயன்பட்டவை மூன்றே இனங்கள்தான் என்கிறார்கள். கொலம்பியாவின் எம்பெரா மக்கள் அடுப்பூதும் குழல் மாதிரி, ஆனால் மிக நீண்ட குழலில் அம்பை வைத்து ஊதி வேட்டையாடினார்கள். அவர்கள் பயன்படுத்திய தங்கத் தவளைக்கு அறிவியல் உலகம் பெயர் வைத்தது 1978இல்தான்.

விஷயம் என்னவென்றால், விஷம் தவளையின் சொந்தச் சரக்கு அல்ல. காட்டில் அது தின்னும் எறும்பு, உண்ணி போன்ற சின்னப் பூச்சிகளிலிருந்து வருவது. கண்ணாடிப் பெட்டியில் பிறந்து, பழ ஈக்களைத் தின்று வளர்ந்த தவளைக்கு விஷமே கிடையாது. நிறம் மட்டும் மிஞ்சும். அதற்கும் 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும், எந்நேரமும் ஈரம் வேண்டும். கண்டிகையில் மே மாதம் கரண்ட் போனால் அன்றோடு சரி.

இந்தத் தவளைகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தி சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தது 1987இல். அதே ஆண்டுதான் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 டன்னுக்கு மேல் கால்கள் கப்பலேறின. வயல்களில் பிடித்து, காலை மட்டும் வெட்டி, மீதியை வீசிவிடுவார்கள். பூச்சியைத் தின்ன வயலில் தவளை இல்லாமல் போனால் பூச்சிமருந்துக்குப் பணம் கொட்டவேண்டும் என்ற கணக்கு புரிந்தபின்தான் தடை வந்தது. அன்று ஏற்றுமதியானதில் முக்கியமானது நம் பெரிய வயல்தவளை. இங்கே தெலுங்கு பேசுகிறவர்கள் 'கப்ப' என்பார்கள்.

இன்று சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரை வீட்டில் வைத்திருந்தால் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும். 2024இல் வந்த விதி. காகிதமில்லாமல் கைமாறும் உயிருக்குப் பின்னால் கடத்தல் இருக்கலாம். பெட்டியில் வந்து சேரும் ஒன்றுக்காக வழியில் எத்தனை செத்தன என்று விற்பவர் சொல்லமாட்டார்.

பையனுக்கு போன் செய்தேன். "நீலத் தவளை வேணாம்டா. முதல் பெருமழை பெய்யட்டும், டார்ச் எடுத்துட்டு ஏரிக்கரைக்குப் போலாம். நம்ம ஆண் வயல்தவளை எலுமிச்சை மஞ்சளா மாறியிருக்கும். கத்தும்போது தாடையோட ரெண்டு பக்கமும் நீலப் பை உப்பும்."

"பிடிச்சிட்டு வரலாமா?"

"கூடாது. பார்த்துட்டு வரலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மழை எப்போ வரும் சித்தப்பா?" என்றான்.