உலாவி விளையாட்டு

உலாவி விளையாட்டு என்பது, எதையும் தனியே நிறுவாமல், குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி போன்ற இணைய உலாவிக்குள்ளேயே ஆடப்படும் கணினி விளையாட்டு. முகவரியைத் தட்டினால் ஆட்டம் தொடங்கும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் இதன் அடிப்படை. செய்வதற்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். வெளியிடுவதற்கு எந்த அங்காடியின் ஒப்புதலும் தேவையில்லை. கூகுள் பிளே ஸ்டோரில் நுழைய ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், ஆப்பிள் அங்காடிக்கு ஆண்டுதோறும் 99 டாலர். உலாவிக்கு அப்படி ஒரு நுழைவுச்சீட்டு கிடையாது. விருதுநகர்–அருப்புக்கோட்டைச் சாலையிலுள்ள பாலவனத்தம் போன்ற மானாவாரி ஊரிலிருந்து ஒருவர் தாம் செய்த விளையாட்டை உலகத்தின் முன் வைக்க இன்றுள்ள நேர்வழி இதுதான். அதனால் இக்கட்டுரை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை மனத்தில் கொண்டு, ஆடுபுலி ஆட்டத்தையும் தமிழ் எழுத்தையும் வைத்தே பொருளை விளக்குகிறது.

வரலாறு

1990களின் இணையப் பக்கங்களில் ஆட்டம் என்றால் ஜாவா ஆப்லெட்டுதான். ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வெளிவந்தபோது அந்த நுட்பத்தில்தான் ஓடியது. ஆனால் பெருவாரியான மக்களிடம் போய்ச் சேர்ந்தது 1996இல் அறிமுகமான ஃபிளாஷ். தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த பிரவுசிங் சென்டர்களில், மின்னஞ்சல் பார்த்து முடித்த மீதி நேரத்தில் பிள்ளைகள் ஆடியவை ஃபிளாஷ் ஆட்டங்களே. இந்தியாவில் ஜபாக் என்னும் ஆட்டத் தளம் 2006இல் தொடங்கியது. மும்பையின் கேம்ஸ்2வின் நிறுவனம் உலாவி ஆட்டங்களில் ஊன்றிப் பின்னர் கைப்பேசிக்கு நகர்ந்தது.

ஃபிளாஷ் ஒரே நிறுவனத்தின் கையிலிருந்த நுட்பம். அதன் வலிமையும் அழிவும் அதிலிருந்தே வந்தன. ஃபிளாஷை வைத்திருந்த மேக்ரோமீடியாவை 2005இல் அடோபி வாங்கியது. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று வெளிப்படையாக எழுதினார். 2017 ஜூலையில் அடோபியே முடிவுநாளை அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கி தன் உள்ளடக்கத்தைத் தானே தடுத்தது. கால் நூற்றாண்டாக உலகெங்கும் செய்யப்பட்ட எண்ணற்ற ஆட்டங்கள் அன்றோடு கண்ணுக்குத் தெரியாமல் போயின.

அந்த இடத்தைப் பிடித்தவை எவருக்கும் சொந்தமில்லாத பொதுத்தரங்கள். முப்பரிமாணப் படம் வரையும் வெப்ஜிஎல் 2011இல் வந்தது. எச்டிஎம்எல்5 2014 அக்டோபரில் முறையான தரமானது. சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதியதை உலாவியில் ஓட்டும் வெப்அசெம்பிளி 2019 டிசம்பரில் அந்த நிலையை அடைந்தது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் கற்கும் ஸ்கிராட்சும் ஃபிளாஷைக் கைவிட்டு 2019 ஜனவரியில் புதிய வடிவெடுத்தது. 2014இல் இத்தாலிய இளைஞர் கப்ரியேலே சிருல்லி எழுதிய 2048, மறு ஆண்டின் அகார்.ஐஓ, 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் பொதுவில் வைத்த வேர்டில் ஆகிய மூன்றும் தனி ஒருவர் செய்தவை. மூன்றும் உலாவியில்தான் முதலில் பரவின.

ஆடுபுலி ஆட்டத்தைச் செய்தல்

தமிழகக் கோயில் மண்டபத் தளங்களிலும் பாறைகளிலும் செதுக்கிய கோடுகளாக ஆடுபுலி இன்றும் கிடக்கிறது. பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். முதலில் ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாம் இறங்கிய பிறகே அவை நகரலாம். புலி பக்கத்திலுள்ள ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டுப்படும். மூன்று புலிகளையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

தொடக்கக்காரர் முதலில் செய்ய இதைவிடப் பொருத்தமான ஆட்டம் குறைவு. பலகை முழுவதையும் 23 இலக்கங்கள் கொண்ட ஒரே சரத்தில் அடக்கிவிடலாம். காலிக்கு 0, ஆட்டுக்கு 1, புலிக்கு 2. கூடவே கையில் மீதமுள்ள ஆடுகள், அடுத்த முறை யாருக்கு என்ற இரண்டு குறிப்புகள். ஆட்டத்தின் நிலை இவ்வளவுதான்.

சிக்கல் பலகையின் வடிவத்தில் இருக்கிறது. சதுரங்கக் கட்டம்போல் சீரான வரிசைகள் இதில் இல்லை; உச்சிப் புள்ளியிலிருந்து விரியும் கோடுகளைக் குறுக்குக் கோடுகள் வெட்டுகின்றன. ஆகவே கூட்டல் கழித்தல் போட்டு அடுத்த புள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. பலரும் எந்தப் புள்ளிக்கு எது அயல் என்று நீண்ட அட்டவணையைக் கையால் எழுதிப் பிழைவிடுகிறார்கள். அதைவிட, பலகையின் ஒவ்வொரு நேர்க்கோட்டையும் அதன்மேலுள்ள புள்ளிகளின் வரிசையாக மட்டும் எழுதிவைப்பது நல்லது. வரிசையில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் அயல்கள். அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் ஒரு பாய்ச்சல். நகர்வு, வெட்டு இரண்டின் அட்டவணையையும் நிரலே பிறப்பித்துக்கொள்ளும். ஊர் மாறிப் பலகை மாறினாலும் கோடுகளை மட்டும் திருத்தினால் போதும்.

படத்தை எஸ்விஜி என்னும் கோட்டுப்பட முறையில் வரையலாம். எந்தத் திரை அளவிலும் கோடு மங்காது, ஒவ்வொரு புள்ளியும் தனியே தொடுதலை வாங்கும். விரலுக்கு எட்டும் பரப்பு 44 பாயின்ட் அகலத்துக்குக் குறையக்கூடாது என்பது ஆப்பிள் சொல்லும் அளவு. பலகையில் நெருக்கமான புள்ளிகள் இருப்பதால் இதைக் கவனிக்காவிட்டால் ஆடு வேறிடத்தில் போய் உட்காரும். இத்தகைய ஆட்டத்துக்குப் பேசர், கோடோ, யூனிட்டி போன்ற பெரிய ஆட்டப்பொறிகள் தேவையே இல்லை. ஓடும், குதிக்கும், மோதும் ஆட்டங்களுக்குத்தான் அவை. அங்கே நொடிக்கு 60 முறை படம் மாற வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி.

கணினியை எதிராளியாக்கினால் வேலை சுவையாகிறது. 3 புலிகளை 23 புள்ளிகளில் 1,771 வகையில் நிறுத்தலாம். மீதி 20 புள்ளிகளில் 0 முதல் 15 ஆடுகள் வரை நிற்கும் வகைகள் 10,42,380. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 185 கோடி நிலைகள். கைப்பேசி இவ்வளவையும் அலச வேண்டியதில்லை. நாலைந்து நகர்வுகள் முன்னோக்கிப் பார்த்து, வெட்டிய ஆடுகளையும் புலிகளுக்குத் திறந்திருக்கும் வழிகளையும் எண்ணி மதிப்பிட்டாலே, ஆடத் தகுந்த எதிராளி கிடைத்துவிடும். இந்தக் கணக்கை வெப் வொர்க்கர் எனப்படும் தனி இழையில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணினி யோசிக்கும் நேரமெல்லாம் திரை உறைந்து நிற்கும்.

இருவர் ஆடும்போது சர்வர் வேண்டுமென்பதும் இல்லை. அந்த 23 இலக்கச் சரத்தையும் கூடவுள்ள இரண்டு குறிப்புகளையும் முகவரியின் இறுதியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் ஒட்டினால், இணைப்பே பலகையைச் சுமந்து செல்லும். பாலவனத்தத்தில் இருப்பவர் ஒரு நகர்வு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திருப்பூரில் வேலைக்குப் போன அண்ணன் அதைத் திறந்து தன் நகர்வை அனுப்பலாம். ஹேஷ் குறிக்குப் பின்னுள்ள பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. யார் வேண்டுமானாலும் சரத்தைத் திருத்தி ஏமாற்ற முடியும் என்பது உண்மை. உறவினருக்குள் அது பொருட்டல்ல. அறிமுகமில்லாதவர்கள் மோதும் ஆட்டமென்றால் நகர்வுகளைச் சரிபார்க்கும் சர்வர் கட்டாயம், அதற்கு மாத வாடகையும் உண்டு.

தமிழ் எழுத்தைக் கையாளுதல்

உலாவிக்கு வெளியே வளர்ந்த ஆட்டப்பொறிகள் பலவற்றில் தமிழ் நெடுநாள் சிதைந்தே தெரிந்தது. ‘கெ’ என்பதில் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். கோடோவுக்கு இந்தத் திறன் முறையாக வந்தது 2023இல் வெளியான நான்காம் பதிப்பில். குரோமும் பயர்பாக்ஸும் ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல எழுத்து வடிவாக்கியைப் பயன்படுத்துவதால், சாதாரண எச்டிஎம்எல் வரியில் தமிழ் பிழையின்றி வரும். தமிழில் ஆட்டம் செய்பவருக்கு உலாவி தரும் பெரும் வரம் இது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆட்டம் கேன்வாஸ் என்னும் வரைபரப்பில் ஓடினாலும், உரையாடலையும் மதிப்பெண்ணையும் அதன்மேல் எச்டிஎம்எல் அடுக்காக வைப்பது பாதுகாப்பானது. எழுத்துகளைப் படத்துண்டுகளாக வெட்டி ஒட்டும் முறையைத் தமிழுக்குத் தொடவே கூடாது.

அடுத்தது எண்ணிக்கை. ‘பாலவனத்தம்’ என்பதில் ஏழு எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும், யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால். ‘அருப்புக்கோட்டை’ இன்னும் தொல்லை. எழுத்து எட்டு, குறியீடு 15. ‘கோ’வின் உயிர்க்குறியை இரண்டு துண்டாகத் தட்டச்சு செய்திருந்தால் அதே சொல்லுக்கு 16. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஒப்பிடும்போது வெவ்வேறு சொல்லாகிவிடும். ஆகவே உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் முதலில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு இயல்பாக்கிவிட வேண்டும். பிறகு எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டின் இன்டல்.செக்மென்டர் உதவும். குரோமில் இது 2020 முதல், பயர்பாக்ஸில் 2024 முதல் உண்டு. க்ஷ போன்ற கூட்டெழுத்தை அது இரண்டாகப் பிரிக்கும்; அதை ஒன்றாகக் கொள்ள விரும்பினால் தனி விதி எழுத வேண்டும். சொற்பட்டியலை முன்கூட்டியே தயாரிப்பவர்கள், முத்தையா அண்ணாமலையும் தன்னார்வலர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தலாம்.

நிறக்குறிப்பை வைத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் வகை ஆட்டத்தைத் தமிழாக்குபவர் இதற்குமேலும் யோசிக்க வேண்டும். 247 எழுத்துக்கு விசை வைக்க முடியாது. 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் வைத்து உயிர்மெய்யைக் கூட்டிக்கொள்ளலாம். ‘கா’ என்று ஒருவர் ஊகித்து விடை ‘கி’யாக இருந்தால் அது முழுப்பிழையா, பாதிச் சரியா? மெய் பொருந்தி உயிர் மாறியதைக் காட்ட இன்னொரு நிறம் தருவதே நியாயம். அதில்லாமல் ஆங்கில விதியை அப்படியே ஏற்றினால் ஆட்டம் தாங்கமுடியாத கடினமாகிவிடுகிறது.

எழுத்தோடு பொருளும் தமிழாகலாம். தமிழர் வாழ்வைச் சொன்னதற்காக உலகறிந்த விளையாட்டு, டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’. மறு ஆண்டு சிறந்த முதற்படைப்புக்கான பாஃப்டா விருது பெற்ற அது உலாவி விளையாட்டு அல்ல. ஆனால் தமிழ்க் குடும்பத்தின் சமையலை நடுவில் வைத்தே ஆட்டம் கட்டலாம் என்று காட்டியது.

எடை

சிற்றூரின் கைப்பேசி இணைப்பில் நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 மெகாபைட் ஆட்டம் இறங்க 80 நொடியாகும். 300 கிலோபைட் ஆட்டத்துக்கு ஒரு நொடி சொச்சம். பெரிய பொறிகளின் காலி ஆட்டமே பல மெகாபைட் எடுக்கும். 2012 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஜேஎஸ்13கே போட்டியில் ஜிப் செய்த முழு ஆட்டமும் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அதில் வருபவற்றைப் பார்த்தால் எவ்வளவு குறைவில் எவ்வளவு செய்யலாம் என்பது விளங்கும். கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் தனியே அனுப்ப அவசியமில்லை. கோப்புகளை உலாவியிலேயே சேமித்துவைக்கும் சர்வீஸ் வொர்க்கர் சேர்த்தால், ஒருமுறை திறந்த ஆட்டம் டவர் கிடைக்காத காட்டிலும் ஓடும்.

வெளியீடு

முகப்புக் கோப்பின் பெயர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்றிருக்க வேண்டும். கிட்ஹப் பேஜஸ் இலவசமாக இடம் தருகிறது. 2013இல் லீஃப் கோர்கோரன் தொடங்கிய இட்ச்.ஐஓவில் கோப்புகளை ஜிப் செய்து ஏற்றினால் போதும். அங்கு வருவாயில் தளத்துக்கு எத்தனை விழுக்காடு என்பதைச் செய்தவரே தீர்மானிக்கலாம், பூச்சியம் என்றும் வைக்கலாம். போகி, கிரேஸிகேம்ஸ் போன்ற தளங்கள் விளம்பர வருவாயைப் பகிர்கின்றன, ஆனால் ஆட்டத்தைத் தேர்ந்தே எடுக்கும்.

வீட்டில் ஓடிய ஆட்டம் வெளியில் ஓடாமல் போக வழக்கமான காரணம் கோப்புப் பெயரின் பெரிய, சிறிய ஆங்கில எழுத்து வேறுபாடு. விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். இன்னொன்று ஒலி. 2018 முதல் குரோம், ஆடுபவர் திரையைத் தொடும் முன் ஓசை எழுப்ப விடுவதில்லை. ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வைத்தால் தீர்ந்தது.

சட்டம்

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து, விளையாட்டுகளை முறைப்படுத்த ஆணையம் அமைத்தது. ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் நாடு முழுவதும் தடுக்கிறது. பணயமில்லாத சமூக ஆட்டங்களை அது தனியாகவே வகைப்படுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் விவரத்தைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளுக்கான ஆட்டம் பெயர், எண் எதையும் கேட்காமலிருப்பதே எளிது.

காப்பு

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அதன் முதன்மையான வேலைகளில் நூல் திரட்டுவதும் அச்சிடுவதும் இருந்தன. ஏடு கைவிட்டுப் போகுமுன் பதிப்பாக வேண்டும் என்ற அதே அவசரம் மென்பொருளுக்கும் உண்டு. மறைந்த ஃபிளாஷ் ஆட்டங்களை ஃபிளாஷ்பாயின்ட் என்னும் தன்னார்வத் திட்டம் 2018 முதல் சேகரிக்கிறது. ரஃபில் என்னும் போலிப்பான் அவற்றைப் புதிய உலாவியில் ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இன்று செய்பவர் மூலநிரலையும் திறந்த உரிமத்தையும் சேர்த்து வெளியிட்டால் பிற்காலத்தவருக்கு இந்தப் பாடு இராது. ஊர் ஆட்டங்களுக்கு இன்னொரு கோப்பும் தேவை. பலகையின் கோடுகள், புலி வெல்ல எத்தனை ஆடு, பல்லாங்குழியானால் 14 குழிகளிலும் எத்தனை முத்துகள் என்ற விதிகளைச் சாதாரண உரைக்கோப்பாக எழுதி, அவை எந்த ஊர் வழக்கு, எந்த ஆண்டு கேட்டறிந்தவை என்றும் குறித்து, நிரலோடு அதே கோப்புறையில் வைக்க வேண்டும்.