தெரிந்த பிறகு எட்டு வருடம்: ஒரு சொக்லேட் கொம்பனியும் அடிமைக் கொக்கோவும்

பிரித்தானியாவின் பெரிய கொம்பனிகள் ஒவ்வொரு வருடமும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றன. 'நவீன அடிமைத்தனம் பற்றிய அறிக்கை' என்பது அதன் பெயர். தாங்கள் விற்கும் தேயிலையும் உடுப்பும் சொக்லேட்டும் எங்கிருந்து வருகின்றன, அங்கே யாராவது கட்டாயத்தின் பேரில் வேலை வாங்கப்படுகிறார்களா, அதைத் தடுக்கக் கொம்பனி என்ன செய்தது என்று அதில் எழுதியிருக்கும். வருடத்துக்கு 36 மில்லியன் பவுணுக்குக் குறையாத வருமானமுள்ள நிறுவனங்கள் இதை எழுத வேண்டும் என்று 2015இல் வந்த சட்டம் சொல்கிறது. வாசித்தால் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும்: பொருள் தருகிறவர்களுக்கு ஓர் ஒழுக்கக்கோவை, தோட்டத்தையும் தொழிற்சாலையையும் பார்க்க அனுப்பிய கணக்காய்வாளர்கள், அரசாங்கங்களோடு நடத்திய பேச்சுகள், அடுத்த வருடத்துக்கான வாக்குறுதிகள்.

இதெல்லாம் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு மாதிரித் தெரியும். அப்படி இல்லை. தனக்குக் கொக்கோ தரும் தோட்டங்களில் அடிமை வேலை நடக்கிறது என்று அறிந்த ஒரு கொம்பனி, ஆள் அனுப்பி விசாரித்து, அரசாங்கங்களோடு பேசி, கடைசியில் வாங்குவதை நிறுத்திய கதை ஒன்று 1901இல் தொடங்கி 1909இல் முடிகிறது. கொம்பனியின் பெயர் கட்பரி. இந்தக் கதையைத் தெரிஞ்சு வைச்சிருந்தால், இண்டைக்கு வாற அறிக்கைகளை எப்பிடி வாசிக்கிறது எண்டும் தெரிய வரும்.

கட்பரி குடும்பத்தினர் பேர்மிங்ஹாமில் இருந்த குவேக்கர்கள். குவேக்கர் என்பது கிறிஸ்தவத்தில் ஒரு சிறிய பிரிவு. அடிமை வியாபாரத்துக்கு எதிராக பிரித்தானியாவில் முதலில் குரல் கொடுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 1879இல் கட்பரி தன் தொழிற்சாலையை நகரத்துக்கு வெளியே போர்ன்வில்லுக்குக் கொண்டுபோனது. பின்பு அங்கே தோட்டத்தோடு கூடிய வீடுகளும் விளையாட்டுத் திடல்களும் வந்தன. நல்ல முதலாளிக்கு உதாரணம் கேட்டால் அந்தக் காலத்தில் பலரும் போர்ன்வில்லைத்தான் காட்டுவார்கள். அதனாலதான் இந்தக் கதை முக்கியம். அடிமைத்தனத்தைப் பற்றிக் கவலையே படாத ஒரு கொம்பனியின் கதை இல்லை இது.

தொழிற்சாலை போர்ன்வில்லில் இருந்தாலும் கொக்கோ வந்தது வேறிடத்திலிருந்து. ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கினி வளைகுடாவில் சாவோ தோமே, பிரின்சிப்பே என்று இரண்டு சிறு தீவுகள் உண்டு. அப்போது அவை போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தன. 1900 அளவில் கட்பரி வாங்கிய கொக்கோவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு சாவோ தோமேயிலிருந்து வந்தது. 1901இல் அங்குள்ள தோட்டம் ஒன்று விலைக்கு வந்தபோது அதன் சொத்துப் பட்டியல் வில்லியம் கட்பரியின் கைக்குக் கிடைத்தது. ஆடு மாடுகளைப் பட்டியல் போட்ட மாதிரியே அதில் 200 கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் ஒரு வரி இருந்தது. அவர்களின் பெறுமதி 3,555 பவுண்.

சட்டப்படி பார்த்தால் போர்த்துக்கல் அடிமைமுறையை 1870களிலேயே ஒழித்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது ஒப்பந்தம். அங்கோலாவின் உட்பகுதியில் பிடிக்கப்பட்டோ வாங்கப்பட்டோ கரைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் ஓர் அதிகாரியின் முன்னால் நிறுத்தப்படுவார்கள். ஐந்து வருடம் வேலை செய்யச் சம்மதமா என்று கேட்கப்படும். பதில் என்னவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுதப்பட்டுவிடும். ஒப்பந்தக் காகிதத்தை ஒரு தகரக் குழலுக்குள் போட்டு, இலக்கமிட்ட தகட்டோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிறகு கப்பல். ஐந்து வருடம் முடிய ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். அங்கோலாவிலிருந்து போனவர்களில் கிட்டத்தட்ட ஒருவரும் ஊர் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் காகிதம் சரியாக இருந்தது.

வில்லியம் கட்பரி சும்மா இருக்கவில்லை. 1903இல் லிஸ்பனுக்கே போய்த் தோட்டக்காரர்களையும் அதிகாரிகளையும் சந்தித்தார். அந்த வருடம் புதிய தொழிற்சட்டம் ஒன்று வந்திருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, ஊர் திரும்பும் செலவுக்கான நிதியில் போட வேண்டும் என்றது அது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும், நம்பிக்கை இல்லையென்றால் ஆள் அனுப்பிப் பாருங்கள் என்றார்கள் தோட்டக்காரர்கள். கட்பரியும், பிரித்தானியாவின் மற்ற இரண்டு குவேக்கர் சொக்லேட் கொம்பனிகளான ஃப்ரை, ரவுன்ட்ரீ ஆகியவையும், ஜேர்மனியின் ஸ்டொல்வேர்க்கும் சேர்ந்து ஜோசப் பர்ட் என்ற குவேக்கரைத் தெரிவுசெய்தன. அவர் முதலில் போர்த்துக்கலில் இருந்து மொழி படித்தார். 1905 நடுப்பகுதியில் சாவோ தோமேயில் இறங்கினார். பிறகு அங்கோலாவுக்கும் போனார். ஊர் திரும்பியது 1907இல்.

கணக்காய்வு என்ற அளவில் இதைக் குறைவாக மதிப்பிட முடியாது. தொழிலாளரின் மொழியை இல்லாவிட்டாலும் ஆளுபவர்களின் மொழியையாவது படித்து, இரண்டு வருடத்துக்குக் கிட்ட அங்கேயே திரிந்து, தோட்டத்தோடு நிற்காமல் ஆட்கள் பிடிக்கப்படும் நாடு வரைக்கும் போய்ப் பார்த்தார் பர்ட். இண்டைக்கு ஒரு கணக்காய்வாளர் தொழிற்சாலையில் இரண்டு மூன்று நாள் நிண்டுட்டுப் போறதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. பர்ட் எழுதிய முடிவிலும் மழுப்பல் இல்லை: பெயர் ஒப்பந்தம், நடப்பது அடிமைத்தனம்.

ஆனால் அவர் போய்ச் சேருவதற்கு முன்பே இன்னொருவர் அங்கே போய் வந்துவிட்டார். ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் 1904 கடைசியில் அங்கோலாவுக்குப் போனார். கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் பாதையில் நடந்தார். ஆட்களைப் பூட்டிக்கொண்டு வந்த மரக் கட்டைகள் வழிநெடுக மரங்களில் தொங்குவதைக் கண்டார். 1905இலேயே அவரின் கட்டுரைகள் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வரத் தொடங்கின. 1906இல் அவை புத்தகமாயின. அந்தப் புத்தகத்தின் தலைப்பின் பொருள் 'ஒரு நவீன அடிமைத்தனம்'. இன்றைக்குச் சட்டத்திலும் அறிக்கைகளிலும் வருகிற அதே சொல்தான், 1906இலேயே இந்தக் கொக்கோவைப் பற்றிய புத்தகத்தின் அட்டையில் இருந்தது.

இரண்டு பேரும் கண்டது ஒன்றுதான். வித்தியாசம், அதை யாருக்குச் சொன்னார்கள் என்பதில். நெவின்சன் வாசகர்களுக்குச் சொன்னார். பர்ட் கொம்பனிகளுக்குச் சொன்னார். கொம்பனிகள் அறிக்கையைப் பிரித்தானிய வெளிநாட்டமைச்சிடம் கொண்டுபோயின. அமைச்சு பொறுக்கச் சொன்னது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்கு மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். மொசாம்பிக் போர்த்துக்கல் கையில். போர்த்துக்கலைக் கோபப்படுத்த லண்டனுக்கு விருப்பமில்லை. பர்ட்டின் அறிக்கை பொதுமக்கள் கைக்கு வந்தது 1908இல். அதுவரைக்கும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன, கட்பரி வாங்கிக்கொண்டே இருந்தது.

கட்பரியின் வாதம் இதுதான்: நாங்கள் வாங்குவதை நிறுத்தினால் வேறு யாராவது வாங்குவார்கள், வாங்கிக்கொண்டிருந்தால்தான் எங்கள் சொல்லுக்கு அங்கே ஒரு பெறுமதி இருக்கும். இது பொய்யான வாதம் இல்லை. இன்றைக்கும் கொம்பனிகள் சொல்வது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், இந்த வாதத்தில் முடிவுத் திகதி இல்லை. இவ்வளவு காலத்துக்குள் மாற்றம் வராவிட்டால் நிறுத்துவோம் என்று சொன்னால்தான் அது அழுத்தம். திகதி இல்லாவிட்டால் அது வெறும் கொள்வனவுதான். இன்னொன்றும் இருக்கிறது. அந்த வருடங்களில் கட்பரி பிரித்தானியாவின் கோல்ட் கோஸ்ட் குடியேற்றத்தில், அதாவது இன்றைய கானாவில், வேறு கொக்கோவைத் தேடிக்கொண்டிருந்தது. மாற்று வழி கைக்கு எட்டும் வரை மனச்சாட்சியும் காத்திருந்ததோ எண்டு நாங்கள் கேட்டால் அது அநியாயமான கேள்வியா?

1908 செப்டெம்பரில் 'ஸ்டாண்டர்ட்' என்ற லண்டன் பத்திரிகை இதையேதான் குத்தலாக எழுதியது. போர்ன்வில்லில் தொழிலாளர்மீது அத்தனை கரிசனை, சாவோ தோமேயின் அடிமைக் கைகள் பற்றி மட்டும் மௌனமா என்று கேட்டது. ஸ்டாண்டர்ட்டின் நோக்கமும் சுத்தமானது இல்லை. அது பழமைவாதக் கட்சி சார்ந்த பத்திரிகை. கட்பரி குடும்பத்தின் 'டெய்லி நியூஸ்' லிபரல் கட்சி சார்ந்தது. தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களை அடிமைகள் போல நடத்துகிறார்கள் என்று டெய்லி நியூஸ் பழமைவாதிகளைத் தாக்கி எழுதியிருந்தது. கட்பரி மானநட்ட வழக்குப் போட்டது. 1908 கடைசியில் வில்லியம் கட்பரி பர்ட்டோடு தானே ஆபிரிக்காவுக்குப் போய்வந்தார். 1909 மார்ச்சில் மூன்று பிரித்தானியக் கொம்பனிகளும் சாவோ தோமேக் கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. சொத்துப் பட்டியல் கைக்குக் கிடைத்து எட்டு வருடம்.

வழக்கு 1909 நவம்பர் கடைசியில் பேர்மிங்ஹாமில் தொடங்கியது. ஸ்டாண்டர்ட்டுக்காக வாதாடியவர் எட்வர்ட் கார்சன். 1901 தொடக்கம் 1908 வரை உங்கள் கொக்கோவுக்காகச் செத்த அடிமைகள் எத்தனை பேர் என்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா என்று வில்லியம் கட்பரியைக் கேட்டார். இல்லை என்பதுதான் பதில். ஜூரிகள் கட்பரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நட்டஈடு ஒரு ஃபார்திங். ஒரு பென்னியின் காற்பங்கு, அந்நாளில் பிரித்தானியாவில் புழங்கிய ஆகச் சிறிய நாணயம். வழக்கில் வென்றீர்கள், ஆனால் உங்கள் மானத்தின் பெறுமதி இவ்வளவுதான் என்று சொன்ன மாதிரி.

சரி, வாங்குவதை நிறுத்தியதால் தீவில் என்ன மாறியது? போர்த்துக்கல் 1909இல் அங்கோலாவில் ஆள் சேர்ப்பதைக் கொஞ்சக் காலம் நிறுத்தியது. அடுத்த வருடங்களில் ஊர் திரும்பியவர்களின் தொகையும் கூடியது. ஆனால் சாவோ தோமேக் கொக்கோவுக்கு வாங்க ஆள் இல்லாமல் போகவில்லை. பர்ட் அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள கொம்பனிகளையும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார், பெரிய பலன் கிடைக்கவில்லை. தீவில் அத்தனை வருடம் உழைத்தவர்களுக்குப் பிரித்தானியக் கொம்பனிகள் ஒரு சதமும் கடன்பட்டதாக யாரும் பேசவில்லை. கட்பரியின் கைகள் சுத்தமாகின, அவ்வளவுதான்.

கோல்ட் கோஸ்டில் நிலைமை வேறு. அங்கே கொக்கோவைப் பெரும்பாலும் சிறு விவசாயிகள் நட்டார்கள். 1911 அளவில் அதுவே உலகில் ஆகக்கூடிய கொக்கோ விளையும் இடமாகிவிட்டது. 1937இல் கட்பரி உட்பட ஐரோப்பியக் கொம்பனிகள் தங்களுக்குள் உடன்பாடு செய்து விலையைக் கட்டுப்படுத்தப் பார்த்தன. விவசாயிகள் மாதக்கணக்காகக் கொக்கோவை விற்க மறுத்தார்கள். லண்டன் ஒரு விசாரணைக் குழுவையே அனுப்ப வேண்டியதாயிற்று. சாவோ தோமேயின் ஒப்பந்தத் தொழிலாளியால் இதைச் செய்திருக்க முடியுமா? 'மாட்டம்' எண்டு சொல்லிட்டு உயிரோட இருக்கேலுமெண்டால்தான் அது சுதந்திரமான வேலை.

இதே காலத்தில் இலங்கையின் மலையகத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றல்ல. இங்கே ஆட்களைச் சொத்துப் பட்டியலில் விலை போடவில்லை. ஆனால் கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகக் கழுத்தில் ஏறியது. கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் தோட்டம் மாற முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும், கடன் மட்டும் தொழிலாளியின் கணக்கிலேயே தொடரும். 1865இன் சட்டப்படி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் மறியல். துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல்தான். 1909இல் அடிமைக் கொக்கோ வேண்டாம் என்ற பிரித்தானியர், அதே மேசையில் குடித்த இலங்கைத் தேயிலையின் கடன் துண்டைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எழுப்பவில்லை. ஆளுவது போர்த்துக்கேயர் என்றால் கேள்வி கேட்பது சுலபம்.

இப்போது 2015இன் சட்டத்துக்குத் திரும்புவோம். அந்தச் சட்டத்தின்படி ஒரு கொம்பனி 'நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதினாலும் அது அறிக்கைதான். கொக்கோ விடயத்திலும் பழைய தாமதம் தொடர்கிறது. 2001இல் பெரிய சொக்லேட் கொம்பனிகள் ஒரு வாக்குறுதியில் கையெழுத்திட்டன. மேற்கு ஆபிரிக்கக் கொக்கோத் தோட்டங்களில் சிறுவர் உழைப்பின் மிக மோசமான வடிவங்களை 2005க்குள் நிறுத்துவதாகச் சொன்னன. 2005 போனது, பிறகு காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போடப்பட்டது. 2020இல் வந்த ஆய்வு ஒன்று, கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் ஏறக்குறைய 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் கொக்கோ வேலையில் இருப்பதாகக் கணக்கிட்டது.

அறிக்கை எழுதுறதே வீண் எண்டு நாங்கள் சொல்லேல்ல. பர்ட் போகாமல் இருந்திருந்தால் கட்பரிக்கு நிறுத்தக் காரணமே இருந்திராது. ஆனால் 1901 தொடக்கம் 1909 வரைக்குமான கதை மூன்று கேள்விகளைக் கற்றுத்தருகிறது. கொம்பனிக்கு எப்போது தெரிந்தது, எப்போது நிறுத்தியது? விசாரிக்கப் போனவர் கண்டதை முதலில் யாரிடம் சொன்னார், எங்களுக்கு எப்போது சொல்லப்பட்டது? கொம்பனி விலகியபோது, அங்கே உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

லண்டனில் எழுதப்படும் அந்த அறிக்கைகளில் இலங்கையும் ஒரு வரியாக வருகிறது, தேயிலைக்கும் உடுப்புக்கும் பக்கத்தில். தோட்டத்திலும் சுதந்திர வர்த்தக வலயத்திலும் வேலை செய்யும் எங்கட ஆக்களைப் பற்றித்தான் அந்த வரி. அதை அவர்களும் வாசிக்கக் கூடிய மாதிரித் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதிலிருந்து நாங்கள் தொடங்கலாம்.