நெற்பண்ணை அடிமைகளும் மருத்துவமும்

அமெரிக்க நாட்டின் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடற்கரைச் சதுப்பு நிலங்களில், 1865-இல் அடிமை முறை ஒழியும் வரை, நெல் விளைவித்தோர் ஆப்பிரிக்க வழியினராகிய அடிமைகளே ஆவர். பெரும்பண்ணைகள் பலவற்றில் அவர்கட்கென மருத்துவமனை இருந்தது. அதனைச் சான்றாகக் காட்டி, பண்ணையார்கள் அடிமைகளைப் பரிவுடன் பேணினர் என அம்முறையைப் போற்றியோர் வாதிட்டனர். அக்கூற்றுப் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நோயின் பிறப்பிடத்தைக் காண்போம். கடல் ஏற்றத்தால் உயரும் ஆற்று நன்னீரை மதகுகளின் வழியே வயலில் தேக்கிப் பின் வடிப்பதே அங்கு நெல் வளர்த்த முறை. தேங்கிய நீரில் கொசு பெருகிற்று, மலேரியா பரவிற்று. கோடையில் பண்ணையார் குடும்பத்தினர் சார்ல்ஸ்டன் முதலிய நகரங்கட்கும், மேட்டு நிலப் பைன் காடுகட்கும் அகன்றனர். அடிமைகளோ வயலிலேயே இருந்தனர். மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுட் பலர்க்குப் பிறப்பிலேயே ஓரளவு இருந்ததெனினும் அது முழுக் காப்பு ஆகவில்லை.

இனி, மருத்துவமனையை நேரிற் கண்டார் ஒருவர் கூற்றை நோக்குவோம். ஆங்கில நடிகையாகிய ஃபேனி கெம்பிள், 1838–39-இல் தம் கணவர் பியர்ஸ் பட்லருக்கு உரிய ஜார்ஜியப் பண்ணையில் தங்கினார். அவர் எழுதிய நாட்குறிப்பு 1863-இல் அச்சேறியது. பட்லர் தீவின் மருத்துவமனையில் நோயுற்ற பெண்கள் படுக்கையும் தலையணையும் இன்றிக் கந்தைப் போர்வையுடன் தரையிற் கிடந்தமையை அவர் குறிக்கின்றார். மகப்பேறு கழிந்த மூன்றாம் வாரமே பெண்கள் வயலுக்குச் செல்லுதல் விதி. அதனைத் தளர்த்துமாறு அவர்கள் கெம்பிளிடம் மன்றாடினர். கணவரோ, அத்தகைய வேண்டுகோளை இனித் தம்மிடம் கொணரற்க எனத் தடுத்தார்.

கெம்பிள் அடிமை முறையை வெறுத்தவர். ஆதலின் மிகைபடக் கூறினார் எனலாமோ எனின், அன்று. சவான்னா ஆற்றில் அமைந்த கௌரி என்னும் பண்ணையின் உரிமையாளர் மானிகால்ட் குடும்பத்தார். அவர்தம் பதிவேடுகளை ஆராய்ந்து வில்லியம் டூசின்பெர் 1996-இல் நூல் வெளியிட்டார். அங்குப் பிறந்த குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பதினாறு வயது நிரம்புமுன் இறந்தன என்பது அவர் கண்ட முடிவு. அடிமை முறையை வெறுத்தவர் எழுத்தும், அதனால் வாழ்ந்தவர் கணக்கும் ஒரே உண்மைக்குச் சான்றாகின்றன.

அங்ஙனமாயின் மருத்துவமனை எதற்கு? அடிமையின் உடல்நலம் உடையவனுக்கு உழைப்பும் விலையுமாம். 1859-இல் இதே பட்லர் தம் கடன் தீர்க்க நானூற்றுக்கு மேற்பட்டோரைச் சவான்னா நகரருகே இரண்டே நாளில் ஏலத்தில் விற்றார். வாங்க வந்தோர் அவர்தம் பல்லையும் கைகால்களையும் சோதித்து விலை மதித்தனர். பண்ணை மருத்துவம் காத்தது இம்மதிப்பையே என்பது எம் துணிபு.

உண்மைப் பேணுதலைச் செய்தோர் அடிமைப்பட்ட பெண்களே. மருத்துவச்சியராயும் செவிலியராயும், வேரும் மூலிகையும் அறிந்தோராயும் விளங்கிய அவர்தம் அறிவு ஏட்டில் ஏறாமையின் வரலாற்றிலும் இடம்பெறாது நின்றது. ஆகவே, கட்டடம் இருந்தமை கொண்டு கருணை இருந்ததெனக் கொள்ளாது, அங்குப் பேணப்பட்டது யாது, பேணியவர் யாவர் என வினவுதலே ஆய்வாளர் கடனாம்.