நம்பிக்கை வறட்சியின் வரலாறு: ஒக்லாந்திலிருந்து சில குறிப்புகள்

ஈழத்து விமர்சனத்தில் ஒரு சொல் நெடுங்காலம் தடியாகப் பயன்பட்டது. 'நம்பிக்கை வறட்சி'. 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய பின் வளர்ந்த விமர்சன மரபின் சாதனைகளை, குறிப்பாகச் சாதியத்துக்கெதிரான எழுத்துக்கு அது தந்த பலத்தை, எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் குடி, கஞ்சா, விபசாரம், தற்கொலை என்று பேசிப் போகிற ஒரு கதை இறுதியில் விடியலைக் காட்டாமல் நின்றுவிட்டால், அதை எழுதியவன் நோயாளி, வாசிப்பவன் நோயை விரும்புகிறவன் என்று தீர்ப்பெழுதும் பழக்கமும் அதே மரபிலிருந்துதான் வந்தது. புகலிடத்துக்கு வந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டு வந்த நாம், இந்தத் தடியை மட்டும் மறக்காமல் எடுத்துவந்தோம்.

நான் வாழும் ஹில்ஸ்பரோ, ஒக்லாந்தின் தென்புறத்தில் மனுக்காவ் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அமைதியான பகுதி. இதையொட்டிய ரோஸ்கில் வட்டாரத்தில் 1999இல் மக்கள் வாக்களித்து மாற்றும்வரை மது விற்பனை அனுமதிக்கப்பட்டதில்லை. இங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், மவுண்ட் அல்பேர்ட் பக்கமாக, 1867இல் திறக்கப்பட்ட பழைய மனநோய் வைத்தியசாலைக் கட்டடம் நிற்கிறது. அவொண்டேல் ஆஸ்பத்திரி என்று அறியப்பட்ட அந்த வளாகத்தில்தான் றொபின் ஹைட் தன் முக்கியமான நூல்களை எழுதினார்.

ஹைட்டின் இயற்பெயர் ஐரிஸ் வில்கின்சன். 1906இல் கேப்டவுனில் பிறந்து, குழந்தையாகவே வெலிங்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர். பதினெட்டு வயதில் முழங்கால் நோயால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆயுளுக்கும் கால் ஊனத்தோடு திரும்பினார். 1926இல் சிட்னியில் அவருக்குப் பிறந்த குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அந்தக் குழந்தைக்கு வைத்த 'றொபின்' என்ற பெயரையே பின்னர் தன் எழுத்துக்குச் சூட்டிக்கொண்டார். பத்திரிகை வேலை, 1930இல் பிறந்து மறைத்து வளர்க்க வேண்டியிருந்த இன்னொரு மகன், மோர்ஃபின் பழக்கம். 1933 ஜூனில் ஒக்லாந்துத் துறைமுகத்தில் குதித்தார். மீட்கப்பட்டு, அவொண்டேலில் தன் விருப்பின்பேரில் தங்கும் நோயாளியானார். அங்கே கில்பேர்ட் டொத்தில் என்ற வைத்தியர் அவரை எழுதச் சொன்னார். 1934இல் அந்த வைத்தியருக்காக ஹைட் எழுதிய தன்வரலாறு அச்சேறியது 2011இல்தான்.

இந்த இடைவெளியைக் கவனியுங்கள். எழுபத்தேழு ஆண்டுகள்! போதைக்கு ஆட்பட்டவர் பற்றி எழுதும் உரிமை வைத்தியசாலைக் கோப்புக்கும் பொலிஸ் கோப்புக்கும் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. ஆட்பட்டவரே எழுதினால் அது இலக்கியமா நோய்க்குறியா என்ற ஐயம் கிளம்பிவிடுகிறது.

யாருடைய போதை நோய், யாருடைய போதை குற்றம் என்பதும் வேறெங்கோ முடிவாகிற காரியம். நியூசிலாந்தின் 1901ஆம் ஆண்டு அபின் தடைச் சட்டம் புகைக்கும் அபினைக் குறிவைத்தது. சீனர்களின் இருப்பிடங்களில் ஆணை ஏதுமின்றிப் பொலிஸ் புகுந்து சோதிக்க வழிசெய்தது. இதே சீனர்களிடம் 1881இலிருந்து 10 பவுண், 1896இலிருந்து 100 பவுண் என்று தலைவரி அறவிட்ட அரசு 2002இல்தான் மன்னிப்புக் கேட்டது. மருந்துப் போத்தலுக்குள் இருந்த அபினுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. வெள்ளை வீட்டில் அது வைத்தியம், சீனன் வீட்டில் அது இழிவு. ஹைட் 1938இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டு, வழியில் சீனாவிலிறங்கி, ஜப்பானியப் படைகள் சூசோ நகரைப் பிடித்தபோது அங்கேயே அகப்பட்டுக்கொண்டார் என்பதை இதன் பக்கத்தில் வைத்து வாசிக்க எனக்குப் பிடிக்கும். 1939 ஆகஸ்ட் 23, உலகப்போர் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், இலண்டனில் பென்சிட்ரின் அவர் உயிரை முடித்தது. வயது 33. முதலாம் உலகப்போருக்குப் போய் வந்த ஒரு முரட்டுச் சிப்பாயைப் பற்றி 1936இல் அவர் எழுதிய நாவலின் பெயரைத் தமிழில் 'நரகத்துக்கு ஒரு கடவுச்சீட்டு' என்று சொல்லலாம். கடவுச்சீட்டுக்கு அலைந்த நமக்கு அந்தத் தலைப்பு வேறு விதமாகவும் விளங்கும்.

தமிழில் இதற்கு இணையாக எனக்குத் தெரிவது ஜி. நாகராஜன். 1929இல் மதுரையில் பிறந்தவர், கணித ஆசிரியர், கொஞ்சக்காலம் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், பின்னர் கஞ்சாவும் குடியுமாய் மதுரைத் தெருக்களில் திரிந்து 1981இல் இறந்தவர். 'குறத்தி முடுக்கு' 1963, 'நாளை மற்றுமொரு நாளே' 1974, இடையே சில சிறுகதைகள். அவ்வளவுதான். நாவலின் கந்தன் தரகன், அவன் மனைவி மீனா உடலை விற்கிறவள். ஒரு நாள் விடிந்து முடிகிறது, கள்ளச்சாராயம் ஓடுகிறது, எவரும் திருந்தவில்லை. தமிழ்நாட்டில் 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு மீண்டும் இறுக்கப்பட்ட காலத்தில் வந்த புத்தகம் இது. சட்டம் அரசாணைகளில் கிடைக்கும். அந்தச் சட்டம் ஒரு சந்துக்குள் காலை எட்டு மணிக்கு எப்படி வாழப்பட்டது என்பதற்கு நாகராஜனை விட்டால் வேறு சாட்சி குறைவு. அவருடைய ஆக்கங்கள் 1997இல் ஒரே தொகுப்பாக வந்த பிறகுதான் புகலிடத்தில் பலர் அவரை முழுமையாக வாசித்தோம்.

அவரிடம் நான் மதிப்பது இரக்கமின்மையை அல்ல, சிலர் அப்படிப் புகழ்கிறார்கள். அவர் பாத்திரங்களுக்காக மன்றாடுவதில்லை, அவ்வளவே. வாசகனிடம் கையேந்தாத எழுத்து அது. தன் வாழ்வின் சீரழிவையே முத்திரையாகக் குத்திக்கொண்டு, நாகராஜனைப்போலக் குடித்தால் நாகராஜனைப்போல எழுதலாம் என்று நம்பிய பின்வந்தவர்களை நான் இதில் சேர்க்கவில்லை.

இனி நம் கதை. எண்பதுகளின் நடுப்பகுதியில் ஹெரோயின் கடத்தியதாக இத்தாலி முதலான நாடுகளில் தமிழர்கள் கைதானார்கள். ஐரோப்பியப் பத்திரிகைகள் அகதி என்ற சொல்லோடு தூள் என்ற சொல்லை ஒட்டவைத்தன. நாம் அதைப் பொய்ப் பிரசாரம் என்று மறுத்தோம், பெருமளவுக்கு அது இனவாதமாகத்தான் இருந்தது. ஆனால் மறுப்போடு வாயை மூடிக்கொண்டோம். வயிற்றுக்குள் பொதி வைத்துக்கொண்டு விமானம் ஏறிய ஒரு பொடியன், சிறையிலிருந்து வெளியே வந்து ஊருக்கும் போக முடியாமல், வந்த நாட்டிலும் வேர்விட முடியாமல் நின்ற கணம் நம் சிறுகதைகளில் எங்கே? அதே ஆண்டுகளில் ஊரில் இயக்கங்கள் 'சமூக விரோதிகள்' என்று அட்டை தொங்கவிட்டு மின்கம்பங்களில் கட்டிச் சுட்டார்கள். கள்ளன், கசிப்புக் காய்ச்சியவன், காட்டிக்கொடுத்தவன் எல்லோருக்கும் ஒரே கம்பம், ஒரே அட்டை. அந்த அட்டையில் எழுதியிருந்ததற்கு மேல் அவர்களைப் பற்றி எதுவும் நம்மிடம் பதிவாகவில்லை.

இதை நான் 'நம்பிக்கை வறட்சி' என்ற சொல்லோடு சேர்த்தே பார்க்கிறேன். விமர்சகரும் துப்பாக்கிக்காரரும் ஒன்று என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அநியாயம். கைலாசபதி கையில் பேனாதான் இருந்தது. ஆனால் சமூகத்துக்கு ஆகாதவன் என்றொரு மனிதவகை உண்டு, அவன் கதை சொல்லத் தகாதது என்ற ஒப்புதல் எங்கள் வாசிப்பில் முதலில் வந்தது, தெருவில் பிறகு வந்தது. எஸ்.பொவின் 'தீ'யை ஆபாசம் என்று தூக்கியெறிந்தபோது நாம் எதைப் பழகினோம் என்று இன்று திரும்பிப் பார்க்கலாம்.

இங்கேயும் இரவுவேலை முடிந்து தனி அறைக்குத் திரும்பிப் போத்தலைத் திறக்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது எழுதினால், கடைசிப் பந்தியில் விடியல் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன் முதற்பந்தியிலிருந்து வாசியுங்கள். ஹைட் எழுதிய மேலறைக்கு எழுத்தின் தரம் பார்க்க எவரும் போகவில்லை. ஒரு வைத்தியர் தாளையும் நேரத்தையும் கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குள் அவர் எழுதியவை ஓர் அலுமாரித் தட்டை நிரப்பும்.