ஊதிக் காட்டினால் காசு

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கம்னா நம்மில் பலருக்கும் தாட்சரும் 1984 ஸ்ட்ரைக்கும்தான் ஞாபகம் வரும். என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தொழிலாளிகளின் நுரையீரல் கதை.

கரித்தூசியால் வரும் நிமோகோனியோசிஸுக்கு அங்கே 1943லேயே நஷ்டஈடு உண்டு. ஆனா பிராங்கைட்டிஸும் எம்ஃபிசீமாவும் வந்தா? 'எல்லாம் நீ ஊதின சிகரெட்டுய்யா'ன்னு கைகழுவிட்டாங்க. அதையும் தொழில்நோய்னு அரசு ஒத்துக்கிட்டது 1993ல். அதுவும் இருபது வருஷம் பூமிக்கடியில் உழைச்சிருந்தாத்தான்!

அப்புறம் 1998 ஜனவரியில் நீதிபதி டர்னர் தீர்ப்பு வந்தது. தூசியைக் குறைக்க பிரிட்டிஷ் கோல் நிறுவனம் போதுமானதைச் செய்யலைன்னுட்டார். பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. 2004ல் பதிவு முடிவதற்குள் 5 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேல் மனுக்கள். செத்துப் போனவர்களுக்காக மனைவி, பிள்ளைகள் போட்டவையும் ஏராளம்.

உயிரோடு இருந்தவர் மெஷினில் ஊதிக் காட்டணும். சிகரெட் பழக்கத்துக்கு ஒரு கழிவு. இதுவரைக்கும் சரி, விடுங்க. வக்கீல் ஃபீஸை அரசே தனியாகக் கொடுத்ததே, அப்படியும் சில வக்கீல்கள் நஷ்டஈட்டிலும் கை வெச்சாங்க பாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. பல மனுக்களில் தொழிலாளிக்குக் கிடைச்சதைவிட வக்கீலுக்குப் போனதே அதிகம்.

டான்காஸ்டர் வக்கீல்கள் ரெண்டு பேரை 2008 டிசம்பரில் தொழிலை விட்டே நீக்கினாங்க. அதற்குள் எத்தனையோ கிழவர்கள் போய்ச் சேர்ந்திருந்தாங்க.